கடைசி பன்னும் ஒற்றை இருக்கைப் படகும்

அறுபத்தேழு வயதுவரை குன்வோர் ஏக்ப்லாட் தட்டில் கிடக்கும் கடைசி பன்னை எடுத்ததே இல்லை. இதில் அவள் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்வீடனின் வெஸ்டரோஸ் ஊரில் யாருமே எடுக்க மாட்டார்கள். ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை பன் வைத்தால் காபி ஆறுவதற்குள் காலியாகிவிடும், கடைசி ஒன்று மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருத்தர் கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டி, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளை ஆவார். அடுத்தவர் மிச்சப் பாதியைப் பாதியாக்குவார். கடைசியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு தட்டில் காய்ந்துகொண்டிருக்க, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அதைப் பார்க்காதது போல வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் துண்டைச் சிட்டுக்குருவிக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பது குன்வோரின் வேலை.

அவள் வேலையெல்லாம் அந்த மாதிரிதான். முப்பது வருடத்துக்கும் மேலாகப் பல் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று, ஊரார் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தவள். துளை போடுவது மருத்துவர், வலிப்பது நோயாளிக்கு, நடுவில் குழாயோடு நிற்பது குன்வோர். வீட்டுக்கு வந்தால் கணவர் ஸ்டெல்லானும் அவருடைய மோட்டார் படகும். கோடை முழுக்கச் சனி ஞாயிறு இரண்டு நாளும் மேலாரன் ஏரியில்தான். ஓட்டுவது அவர். குன்வோருக்குப் படகின் முன்பக்கம், கையில் கயிறு. கரை நெருங்கியதும் கயிற்றோடு பாறையில் குதிக்க வேண்டும், கட்ட வேண்டும். புறப்படும்போது அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் "ஏறு" என்றதும் ஏற வேண்டும். ஸ்டெல்லானைக் குறை சொல்லிப் பயனில்லை, மனுஷன் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் செய்தார்.

"எங்க போலாம், குன்வோர்?"

"உன் இஷ்டந்தான். எனக்கு எங்கேன்னாலும் சரி."

இருபத்தாறு கோடை இப்படியே போயிற்று. உண்மையில் அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரியில் ஒரு குட்டித் தீவு தெரியும். இரண்டு பைன் மரம், ஒரு வழுக்கைப் பாறை, அவ்வளவுதான். ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். "அங்க என்ன இருக்கு? பறவை எச்சம்தான் இருக்கும். தண்ணியும் ஆழமில்ல, ப்ரொபெல்லர் தட்டும்," என்றார் ஸ்டெல்லான். அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள்.

ஸ்டெல்லான் இறந்து நான்கு வருடமாகிறது. படகை அவர் தம்பி கேட்டார். "எடுத்துக்கோங்க, எனக்குப் பரவாயில்ல," என்றாள் குன்வோர்.

போன கோடையில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். குன்வோர் வயதுதான் இருக்கும். முதுகில் ஒரு பெரிய பை. கரைக்கு வந்து பையைத் திறந்து, ஏதோ ரப்பர் பாய் மாதிரி ஒன்றை விரித்து, கால் பம்பால் மிதி மிதி என்று மிதித்தாள். பாய் எழுந்து ஒல்லியான கயாக் படகாயிற்று. அதில் ஏறி உட்கார்ந்து, துடுப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டு, சத்தமே இல்லாமல் போய்விட்டாள். போகும்போது யாரையும் கேட்கவில்லை. யாரும் அவளுக்குக் கயிறு பிடிக்கவுமில்லை. குன்வோர் கையில் உருளைக்கிழங்கோடு ஜன்னலிலேயே நின்றாள். உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் இது வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த கோடையில், ஒரு தடவையாவது, தனியாக, அந்தத் தீவுக்கு.

நேரே கடைக்குப் போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஓய்வூதியம் வருகிறது, கடை இருக்கிறது, பஸ் இருக்கிறது. போய் வாங்க வேண்டியதுதானே? ஆனால் தனக்கென்று, தனக்கு மட்டும் என்று, ஓர் ஆள் உட்காரும் ஒரு பொருளை வாங்குவது குன்வோருக்குக் கடைசி பன்னை எடுப்பது போலத்தான் பட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அவள் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை எழுதிப் போட்டாள். "நம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காற்றடைத்த கயாக் வாங்கலாமா? நிலவறையில் அதிக இடம் பிடிக்காது."

ஊமேயோவிலிருந்து தங்கை மாய்லிஸ் போனில் கத்தினாள்.

"ஏன்க்கா, நீ படகு வாங்கப் போறியா, இல்ல பார்லிமென்ட்டக் கூட்டப் போறியா?"

"இல்ல மாய்லிஸ், எல்லாருக்கும் பயன்படுமேன்னுதான்..."

"எல்லாருக்கும் பயன்படுறதுக்கு ஊர்ல நூலகம் இருக்கு. உனக்கு என்ன வேணும்? அதச் சொல்லு."

"எனக்கு எதுன்னாலும்..."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத! போன வச்சிருவேன்!" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே வைத்துவிட்டாள்.

கோரிக்கையை எல்லோரும் வரவேற்றார்கள். அதுதான் கேடு. வேண்டாம் என்று தள்ளியிருந்தால் பிழைத்திருப்பாள். உடனே படகுக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். சங்கத் தலைவர் ரூனே ஹால்கிரேன் அதற்கும் தலைவர். நகராட்சியில் தெருக்களுக்கு இடம் ஒதுக்கிய மனுஷன். யாரும் மனம் நோகக் கூடாது என்று ஒரு தெருவிளக்கை மூன்று வருடம் நடாமல் வைத்திருந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அடுத்தவர் மூன்றாம் மாடி இங்வே ஸ்பார், டர்பைன் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு, இரண்டு பிள்ளைகளும் ஒரு நாயும் உள்ள தூவா. நான்காவது குன்வோர். காபி போட்டதும் பன் சுட்டதும் அவள்தான்.

"காத்தடிச்ச படகுன்னா எல்லாரும் பொம்மைன்னு நினைக்கிறாங்க," என்று இங்வே ஆரம்பித்தார். "பிரஷர்தான் விஷயமே. காத்து கம்மியா இருந்தா நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிரும். தரையாவது பலகை மாதிரி விறைச்சு நிக்கணும். உள்ள ஆயிரக்கணக்குல நூல் வச்சுத் தைச்ச தரை வருது இப்ப. அது இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"விறைப்பு இருக்கட்டும், இங்வே. என் ரெண்டு பிள்ளையும் நாயும் எங்க உக்காரும்?" என்றாள் தூவா.

"நாயா? நாய்க்கு நகம் இருக்கும்மா!"

"எங்க நாய்க்கு நகம் வெட்டி விட்டுருக்கு. நீங்க மீன் பிடிக்கக் கொண்டு வரப்போற தூண்டில்ல முள்ளு இருக்கே, அத யாரு வெட்டுவா?"

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் ரூனே. அந்த மனுஷனுக்கு எதிலும் நியாயம் இருக்கும். "இன்னொரு சுத்து எல்லார்கிட்டயும் கேட்டுருவோம். குன்வோர், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

குன்வோர் நினைத்தது இது: ஒரே இருக்கை. நானே தோளில் மாட்டிக்கொண்டு கரைக்கு நடக்கக்கூடிய கனம். கொஞ்சம் அகலமாக, ஆட்டம் காணாமல் இருந்தால் போதும், வேகம் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும்.

குன்வோர் சொன்னது இது: "எனக்கு எதுன்னாலும் சரி."

அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறதா, இல்லையா?

ஏரியில் பனிக்கட்டி உருகியது. கூட்டம் நடந்தது. பிர்ச் மரங்கள் துளிர்த்தன. கூட்டம் நடந்தது. ஒருமுறை குன்வோர் துணிந்து, தட்டைத் துடைத்துக்கொண்டே, யாரோ சொன்னது போலச் சொன்னாள். "ஒரு ஆள் படகும் இருக்காமே."

"ஒரு ஆளா?" என்று இங்வே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பொதுப் பணத்துல ஒருத்தர் மட்டும் போய்ச் சுத்திட்டு வர்றதா?"

"அது கொஞ்சம்... தனிச்சுப் போற மாதிரி ஆயிரும் இல்லையா," என்றார் ரூனே இதமாக.

குன்வோருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "நான் சும்மா சொன்னேன்," என்றாள்.

அடுத்து நிறம். ஏரியில் மோட்டார் படகுகள் போகும், தூரத்திலிருந்தே தெரிய ஆரஞ்சு வேண்டும் என்றாள் தூவா. அன்னப்பறவைகள் மிரளும், சாம்பல்தான் அடக்கம் என்றார் இங்வே. இதற்கே இரண்டு கூட்டம் போனது. ஆரஞ்சுப் பட்டை போட்ட சாம்பல் என்று ரூனே கண்டுபிடித்தபோது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது, யாருக்கும் பிடிக்கவில்லை.

அதற்குள் ஜூலை வந்துவிட்டது. ஜூலையில் இந்த நாடே விடுமுறையில் இருக்கும், முடிவெடுக்க ஆள் கிடையாது. ரூனே தன் கோடை வீட்டுக்குப் போனார், இங்வே மகன் வீட்டுக்கு, தூவா மாமியார் வீட்டுக்கு. மேலாரன் கண்ணாடி போலக் கிடந்தது. காற்றே இல்லை. கயாக் போட அதைவிட நல்ல நாள் வருடத்தில் வராது. குன்வோர் ஜன்னலில் நின்று ஸ்ட்ராபெரி ஆய்ந்தாள். தீவின் இரண்டு பைன் மரமும் தண்ணீரில் தலைகீழாக நின்றன. சங்கத்தின் ஒப்புதல் இன்னும் பாக்கி இருந்தது.

ஆகஸ்டில் படகு வந்து சேர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மூன்று இருக்கை. வேண்டுமானால் ஒன்றைக் கழற்றலாம், இரண்டைக் கழற்றலாம், நாயை நடுவில் வைக்கலாம். இங்வேக்காகப் பலகைத் தரை, தூவாவுக்காக உயரமான பக்கங்கள், ரூனேக்காக ஆரஞ்சுப் பட்டை. எல்லோருக்கும் ஏதோ ஒன்று அதில் இருந்தது. பையோடு தூக்க இரண்டு பேர் வேண்டும், நிலவறைப் படியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டும். குன்வோர் பையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். அரை அங்குலம் எழுந்தது. கீழே வைத்துவிட்டாள்.

படகை எடுக்க முறை வைத்தார்கள். கட்டடத்தின் பொதுத் துவைக்கும் அறைக்கு எப்படிப் பலகையில் அவரவர் பூட்டை மாட்டி நேரம் பிடிக்கிறார்களோ, அதே மாதிரி இதற்கும் ஒரு பலகை. இந்தக் கட்டடத்தில் துவைக்கும் நேரத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். படகுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

முதல் பயணத்துக்கு எல்லோரும் சேர்ந்து போனார்கள். இங்வே காற்றழுத்தம் பார்க்கும் அளவுமானியை வைத்துக்கொண்டு, பம்பு மிதிக்கும் ரூனேயைப் பாடாய்ப் படுத்தினார்.

"இன்னும் கொஞ்சம். ம்... இன்னும். ஐயோ, போதும் போதும்! வெடிச்சிரும்!"

"நீங்கதானே இன்னும்னு சொன்னீங்க!"

பின் இருக்கையில் இங்வே. நடுவில் தூவாவும் ஒரு பிள்ளையும். இடம் போதாமல் ரூனேயும் மற்றப் பிள்ளையும் கரையில் நின்றார்கள். நாய் கரையிலேயே ஏற மறுத்து ஊளையிட்டது, அங்கே இருந்தவர்களில் அதற்குத்தான் அறிவு இருந்தது. குன்வோர் கையில் துடுப்போடு நின்றாள். இங்வே திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"குன்வோர், நீங்க முன்னாடி உக்காந்து கயித்தப் பிடிச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

மோசமான மனுஷன் இல்லை அவர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். குன்வோர் துடுப்பைத் தூவாவிடம் கொடுத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து, கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். 

தீவுக்குப் போகவே இல்லை. உயரமான பக்கங்களில் காற்று அறைந்தது, படகு தண்ணீரில் விழுந்த தொப்பி மாதிரி சுற்றியது. இங்வே இடப்பக்கம் போடு என்றார், தூவா அவளுடைய இடப்பக்கம் போட்டாள், பிள்ளை வாந்தி எடுத்தது. காபி ஆறுவதற்குள் கரைக்குத் திரும்பினார்கள். குன்வோர் பழக்க தோஷத்தில் பாறையில் குதித்து, இழுத்துக் கட்டினாள்.

ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். காய வைக்க யார்? யாரும் குன்வோரைப் பார்க்கவில்லை, அவ்வளவு பக்குவமாக எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அவளே துணி உலர்த்தும் அறையில் அதை விரித்தாள். மறுநாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "துணி உலர்த்தும் அறை துணிக்கு! படகுக்கு அல்ல!! அன்புடன், உங்கள் அண்டை வீட்டார்." அன்புடன் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

அடுத்த வாரம் அனுபவத்தைப் பேசித் தீர்க்க ஒரு கூட்டம். அதற்கும் குன்வோர்தான் பன் சுட்டாள்.

"முதல் பயணம் எல்லாருக்கும் எப்படி இருந்தது?" என்று ரூனே கேட்டார். "ஒரு சுத்து வருவோம்."

"மொத்தத்துல நல்லாத்தான் இருந்தது," என்றார் இங்வே.

"பரவாயில்ல, நல்லாத்தான் இருந்தது," என்றாள் தூவா. பிள்ளையின் ஜாக்கெட்டை அவள் மூன்று முறை துவைத்திருந்தாள்.

தட்டில் ஒரே ஒரு பன் மிச்சம். தூவா கத்தியை எடுத்தாள். "யாருக்காவது வேணுமா? பாதி..."

குன்வோர் கையை நீட்டினாள். பன்னை முழுசாக எடுத்தாள். கடித்தாள்.

 தூவாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. குன்வோர் மென்றாள். அவசரப்படாமல், சர்க்கரை உதட்டில் ஒட்ட, இன்னொரு கடி கடித்தாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் முழுவதும் தின்று முடித்து, விரலையும் நக்கினாள்.

"எனக்கு நல்லா இல்ல," என்றாள். "கயிறு பிடிக்கிறதுக்கா நான் படகு கேட்டேன்? எனக்கு ஒரு ஆள் படகு வேணும். போன கோடையிலயே அதான் வேணும்னு இருந்தது. அந்தத் தீவுக்கு நான் தனியாப் போகணும். யாரும் கூட வர வேண்டாம்."

ரூனேயின் முகம் விழுந்துவிட்டது. "குன்வோர், ஒவ்வொரு கூட்டத்துலயும் உங்ககிட்ட கேட்டேனே. ஒரு தடவையாவது நேரா சொல்லியிருக்கலாமே?"

"எதுன்னாலும் சரின்னுதானே சொன்னீங்க," என்றார் இங்வே. அவர் குரலில் குத்தல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

 கோபத்தை யார் மேல் இறக்குவது என்று குன்வோர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் கேட்டார்கள், ஸ்டெல்லான் உட்பட. அவள்தான் அடித்துச் சொல்லவில்லை. இப்போது வந்த எரிச்சல் அத்தனையும் அவள் மேலேயே திரும்பியது, அது மற்ற எல்லா எரிச்சலையும் விட மோசமாக இருந்தது.

"ஆமா," என்றாள். "முட்டாள்தனம். இன்னைக்குத் தட்ட வேற யாராவது கழுவுங்க."

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கடைக்குப் போனாள்.

"எத்தனை பேருக்குங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ஒருத்தருக்கு. எனக்கு."

குறுகலானது வேகம், அகலமானது நிதானம் என்று அந்தப் பெண் காட்டினாள். குன்வோர் கடைத் தரையிலேயே ஒன்றில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். முட்டி இடிக்கவில்லை. மடித்த பையைத் தோளில் மாட்டிக் கதவுவரை நடந்துவிட்டு வந்தாள். முதுகு சம்மதித்தது. மஞ்சள் நிறம். அன்னப்பறவைகள் மிரண்டால் மிரளட்டும்.

செப்டம்பர் பிறந்துவிட்டது, பிர்ச் இலையில் மஞ்சள் விழ ஆரம்பித்திருந்தது. கரையில் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவள் பம்பு மிதிக்கும்போது இங்வே அளவுமானியோடு இறங்கி வந்தார்.

"பிரஷர் பாத்துத் தரட்டுமா?"

"பாருங்க. பாத்துட்டுப் பேசாமப் போயிரணும்."

அவர் பார்த்தார். சரியாக இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

துடுப்பு முதலில் தண்ணீரை அவள் மடியில்தான் கொட்டியது. படகு நேராகப் போக மறுத்தது. திட்டிக்கொண்டே துடுப்புப் போட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு படகும் அவளும் ஒரு மாதிரி சமாதானத்துக்கு வந்தார்கள். பைன் மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. இறங்கி, கயிற்றைப் பாறையில் சுற்றிக் கட்டினாள்.

தீவில் பறவை எச்சம்தான் இருந்தது. பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாக. போதாததற்கு முட்செடி, யாரோ விட்டுப்போன பியர் டப்பா, ஒரு செத்த மீன். ஸ்டெல்லான் சொன்னது அட்சரம் பிசகவில்லை. "சே!" என்றாள் உரக்க. சுத்தமான ஓர் இடம் தேடி உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே அவளுடைய சமையலறை ஜன்னல். ஜன்னலில் இருக்கும் ஜெரேனியம் தொட்டியின் சிவப்புகூடத் தெரிந்தது. இவ்வளவுதான் தூரம். இதற்குத்தான் இருபத்தாறு கோடை, நான்கு வருடம், ஒரு குழு. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தன்னையே ஒரு அறை அறையலாம் போல இருந்தது.

இரண்டாவது கோப்பையும் குடித்தாள். கிளம்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. வெயில் பாறையின் மறுபக்கம் போனபோது எழுந்தாள்.

படகைத் தண்ணீரில் இறக்கிக் கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மஞ்சள் படகு அவள் காலடியில் லேசாக ஆடியது, உள்ளே யாரும் இல்லை. "ஏறு" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏறேன்டி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு ஏறினாள். ஜன்னல் இருந்த பக்கம் திரும்பவில்லை. தீவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.